ஆய்வுத் தொகுப்பிலிருந்து நோயாளியின் கட்டில் வரை: புதிதாக இறங்கும் செவிலியர்களுக்கு

ஈரோடு பக்கம் ஒரு மருத்துவமனையோடு சேர்ந்த நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். "வார்டில் போட்ட வென்ஃப்ளானை மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றத்தான் வேண்டுமா?" என்று ஒரு முதுகலை மாணவி கேட்டாள். வென்ஃப்ளான் என்பது மருந்து ஏற்றக் கை நரம்பில் போட்டு வைக்கும் சின்னக் குழாய், அதாவது கேனுலா. எனக்குப் பதில் தெரியவில்லை. உலகத்தில் இதைப் பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, கிடைக்கும் பதிலை எங்கள் வார்டில் நடைமுறைக்குக் கொண்டுவரலாம் என்று இறங்கினோம். 19 மாதம் ஆனது. அதில் ஐந்து மாதமாவது யாராவது முன்பே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும்.

கோவை, திருப்பூர், நாமக்கல் பக்கமுள்ள கல்லூரிகளிலிருந்தும் இதே சந்தேகங்களோடு பிள்ளைகள் போன் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன். நர்சிங் ஆட்களை மனதில் வைத்து எழுதினாலும் பிசியோதெரபி, பார்மசி, எம்.டி. படிக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருக்கும் நேரத்தில் பாதியை வார்டுக்கென்று ஒதுக்கி வையுங்கள். எல்லோரும் முழு நேரத்தையும் ஆய்வுகளைத் திரட்டுவதிலேயே செலவழித்துவிட்டு, கடைசி இரண்டு வாரத்தில் ஒரு போஸ்டர் ஒட்டி முடித்துவிடுகிறோம். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். போஸ்டரால் ஒன்றுமே மாறவில்லை.

1. கேள்வியை ஒரு வரிக்குள் கொண்டுவாருங்கள்

"ஐ.வி. கேனுலா பராமரிப்பு" என்பது தலைப்பு. அதைக் கேள்வி என்று வைத்துக்கொண்டு தேடினால் பல்லாயிரம் கட்டுரைகள் வந்து விழும். கேள்விக்கு நான்கு உறுப்புகள் வேண்டும்: யாருக்கு, என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவைப் பார்க்கிறோம். பைக்கோ என்று பாடத்தில் படித்தது இதுதான்.

எங்கள் கேள்வி கடைசியில் இப்படி நின்றது: வார்டில் சேர்ந்திருக்கும் பெரியவர்களுக்குக் கை நரம்பில் போட்ட கேனுலாவைக் கெடு வைத்து மாற்றுவதற்குப் பதில், தொந்தரவு தெரிந்தால் மட்டும் மாற்றினால், இரத்தத் தொற்று, நரம்பு வீக்கம் இரண்டும் கூடுமா?

இந்த ஒரு வரிக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் வீண் இல்லை. கேள்வியை எழுதியதும் வார்டில் வேலை செய்யும் இரண்டு ஸ்டாஃப் நர்ஸ்களிடம் காட்டுங்கள். "இதுக்குப் பதில் தெரிஞ்சா உங்க வேலையில ஏதாவது மாறுமா?" என்று கேளுங்கள். மாறாது என்றால் வேறு கேள்வி தேடுங்கள்.

2. யாராவது ஏற்கெனவே செய்துவிட்டார்களா என்று பாருங்கள்

எங்கள் ஐந்து மாதம் இங்கேதான் போனது. தேடல், சலிப்பு (வந்த கட்டுரைகளில் வேண்டாததைக் கழிப்பது) எல்லாம் பாதி முடித்த பிறகுதான் இதே கேள்விக்கு 2019ல் காக்ரேன் என்ற உலகளாவிய அமைப்பின் தொகுப்பாய்வு (ஒரு கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் முறைப்படி திரட்டி எடைபோடுவது) ஒன்று புதுப்பிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஒன்பது ஆய்வுகள், 7,412 பேர். நாங்கள் மூவர் சனி ஞாயிறு உட்கார்ந்து செய்ததைவிட எவ்வளவோ கவனமாகச் செய்திருந்தார்கள்.

அதனால் முதல் வாரத்திலேயே மூன்று இடங்களில் தேடிவிடுங்கள். ஒன்று, காக்ரேன் நூலகம். அங்கே எளிய நடையில் எழுதிய சுருக்கங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தொகுப்பாய்வுகளும் வெளியாகி 12 மாதம் கழித்து எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். இரண்டு, பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளம். அதில் தொகுப்பாய்வுகளை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. மூன்று, புராஸ்பெரோ. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் நடத்தும் பதிவேடு. இன்னும் முடியாத, நடந்துகொண்டிருக்கும் தொகுப்பாய்வுகள் அதில் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டிகளையும் ஒரு கண் பாருங்கள். கை நரம்புக் கேனுலா தொற்றுகளைத் தடுப்பதற்கென்றே 2024ல் ஒன்று வெளியிட்டிருக்கிறார்கள், இலவசமாகவே கிடைக்கிறது.

நல்ல தொகுப்பாய்வு ஒன்று கிடைத்துவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலானவர்களுக்கு என் பதில்: புதிதாக ஒன்று செய்யாதீர்கள். கிடைத்ததை ஆம்ஸ்டார் 2 என்ற 16 கேள்விப் பட்டியலால் சோதியுங்கள். அது வெளியான பிறகு வந்த ஆய்வுகளைத் தேடிச் சேருங்கள். பிறகு நேரே 7ஆம் படிக்கு வாருங்கள். தீசிஸ் விதிப்படி புதிய தொகுப்பாய்வு கட்டாயம் என்றால் மட்டும் 3 முதல் 6 வரை. வார்டு தணிக்கைக்கான அனுமதிகள் 3ஆம் படியில் இருக்கின்றன, அதை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

3. குழு, காகிதங்கள், எத்திக்ஸ்

தனியாகச் செய்யாதீர்கள். சலிக்க இருவர், அவர்களுக்குள் ஒத்துப்போகாதபோது முடிவு சொல்ல மூன்றாமவர், ஆக மூன்று பேர் வேண்டும். மூவரில் ஒருவர் வார்டில் வேலை பார்ப்பவராக இருக்கட்டும்.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரிக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அரசுக் கல்லூரி ஒன்றில் வேலை பார்ப்பவரோ படிப்பவரோ உண்மையான உடன் ஆய்வாளராகக் குழுவில் இருந்தால், கட்டுரைகளை எடுக்கும் பொறுப்பை அவர் ஏற்கலாம். கடவுச்சொல்லை இரவல் வாங்குவது வேறு விஷயம். அதைச் செய்ய வேண்டாம்.

அடுத்து எத்திக்ஸ், அதாவது ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி. வெளியான கட்டுரைகளைத் தொகுப்பதற்கு எதற்கு அனுமதி என்று தோன்றும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி தொகுப்பாய்வும், மருத்துவமனைக்குள் நடக்கும் தரத் தணிக்கையும் விலக்குப் பெறும் வகையில் வருகின்றன. ஆனால் விலக்கு உண்டு என்று முடிவு செய்ய வேண்டியது எத்திக்ஸ் குழு. நீங்களே முடிவு செய்துகொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டால், பின்னால் ஆய்விதழ் கடிதம் கேட்கும்போது கையில் எதுவும் இருக்காது. எத்திக்ஸ் குழுக்கள் பின்தேதியிட்டு அனுமதி தருவதில்லை.

கையில் வைத்திருக்க வேண்டியவை: இரண்டு பக்க ஆய்வுத் திட்டம், துறைத் தலைவர் கையெழுத்திட்ட முன்மொழிவு, குழுவினர் எல்லோருடைய சுயவிவரம், நலமுரண் இல்லை என்ற உறுதிமொழி, விலக்குக் கோரும் கடிதம். வார்டு தணிக்கைக்கு மருத்துவக் கண்காணிப்பாளர், நர்சிங் கண்காணிப்பாளர் இருவரிடமும் தனித்தனியாக எழுத்தில் அனுமதி வேண்டும். தொகுப்பாய்வு, வார்டு தணிக்கை இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போடுங்கள். நான் தனித்தனியாகப் போட்டதால் இரண்டு கூட்டங்களுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எத்திக்ஸ் குழு எப்போது கூடும், அதற்கு எத்தனை நாள் முன்பு காகிதம் கொடுக்க வேண்டும் என்பதை உறுப்பினர் செயலரின் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், மாணவர்களுக்குத் தள்ளுபடி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இன்னொன்று, அந்தக் குழு மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றிருக்கிறதா, பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. திட்டத்தைப் பதிவு செய்யுங்கள், அதுவும் நேரத்தோடு

புராஸ்பெரோவில் பதிவு இலவசம். ஆனால் கட்டுரைகளிலிருந்து தரவு எடுக்கத் தொடங்குவதற்கு முன்பு பதிவு செய்திருக்க வேண்டும். "முதலில் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பதிவு செய்யலாம்" என்று நினைத்து, எக்செல்லில் நாலு கட்டுரையின் எண்களைப் போட்டுவிட்டால் தகுதி போய்விடும். தரவு எடுத்தாயிற்றா என்று படிவத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது. அதில் பொய் சொல்லாதீர்கள்.

ஸ்கோப்பிங் வகை ஆய்வை (ஒரு தலைப்பில் என்னென்ன ஆய்வுகள் இருக்கின்றன என்று பரப்பை மட்டும் பார்ப்பது) அங்கே ஏற்பதில்லை. அதற்கு ஓ.எஸ்.எஃப். (ஓபன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க்) தளம் இருக்கிறது, அதுவும் இலவசம். சி.டி.ஆர்.ஐ. என்ற இந்தியப் பதிவேட்டில் செய்யும் பதிவு, நோயாளிகளைச் சேர்த்து நடத்தும் சோதனைகளுக்கானது. தொகுப்பாய்வுக்கு அது தேவையில்லை. இதைக் குழப்பிக்கொண்டு வாரக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

5. தேடலும் சலிப்பும்

கூகுள் ஸ்காலரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். இன்று வந்த வரிசை நாளை வராது. அப்படியிருக்க, "இப்படித் தேடினேன்" என்று எழுதிக் காட்ட முடியாது. பப்மெட், காக்ரேனின் சென்ட்ரல், யூரோப் பி.எம்.சி. ஆகிய மூன்று தேடுதளங்களும் காசில்லாமல் கிடைக்கும். எம்பேஸ், சினால் என்ற தேடுதளங்கள் இரண்டுக்கும் சந்தா வேண்டும். சினால் நர்சிங் கட்டுரைகளுக்கு முக்கியம். அதனால் உங்கள் பக்கம் பெரிய கல்லூரி நூலகம் எதிலாவது சந்தா இருக்கிறதா என்று நூலகரிடம் விசாரியுங்கள். கடிதத்தோடு போனால் அரை நாள் உட்கார்ந்து தேட அனுமதிக்கும் நூலகங்கள் இருக்கின்றன. எனக்கு அப்படி உதவிய ஒரு நூலகர், நான் நான்கு நாளில் கட்டிய தேடல் வாக்கியத்தை நாற்பது நிமிடத்தில் திருத்தித் தந்தார். கேனுலா என்றும் கத்தீட்டர் என்றும் எழுதுவார்கள், ஆங்கிலத்தில் எஸ் போட்டும் இசட் போட்டும் எழுதுவார்கள், இரண்டையும் சேர்த்தீர்களா என்று அவர் கேட்டபோதுதான் எவ்வளவு விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்காவைப் பாருங்கள். தேடிய நாள், தேடிய வாக்கியம், வந்த எண்ணிக்கை மூன்றையும் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். தொகுப்பாய்வை எழுதும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று காட்டும் பிரிஸ்மா 2020 பட்டியலில் 27 அம்சங்கள் இருக்கின்றன. அதோடு வரும் ஓட்டப்படத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கட்டுரை நின்றது, எத்தனை கழிந்தது என்று எண் கேட்பார்கள். நோட்டு இல்லாவிட்டால் கடைசியில் எல்லாவற்றையும் திரும்பத் தேட வேண்டியதுதான்.

கட்டுரைகளை ஸொட்டேரோ என்ற மென்பொருளில் சேருங்கள், அது இலவசம். இரட்டிப்பாக வந்தவற்றை நீக்கிவிட்டு, சலிப்பதற்கென்றே உள்ள ரய்யான் தளத்தில் ஏற்றி, இருவர் ஒருவர் முடிவை ஒருவர் பார்க்காமல் சலியுங்கள். அரிசி புடைக்கும்போது கல்லோடு நாலு அரிசியும் போகும் அல்லவா, அதைப் பிடிக்கத்தான் இரண்டாவது ஆள். முழுக் கட்டுரை கிடைக்காவிட்டால் இலவச நகல் இருந்தால் தேடித் தரும் அன்பேவால் நீட்சியை உலாவியில் போட்டுப் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் கட்டுரையாசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். நான் எழுதிய 11 பேரில் 8 பேர் அனுப்பினார்கள், ஒருவர் கூடுதல் தரவும் சேர்த்து அனுப்பினார்.

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். புராஸ்பெரோவில் பதிவான தொகுப்பாய்வுகளை வைத்துப் பி.எம்.ஜே. ஓபன் இதழில் 2017ல் வந்த ஒரு கணக்குப்படி, பதிவிலிருந்து வெளியீடு வரை சராசரியாக 67 வாரம் ஆகிறது. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் எத்தனை முடித்திருக்கிறார் என்று கேளுங்கள்.

6. தரம் பாருங்கள், எண்களை மனிதர்களாக மாற்றிப் படியுங்கள்

ஒவ்வொரு ஆய்வும் எவ்வளவு நம்பத்தக்கது என்று பார்க்க வேண்டும். சமவாய்ப்பு முறையில் பிரித்த ஆய்வுகளுக்கு ஆர்.ஓ.பி. 2 கருவி. அதில் ஐந்து பகுதிகள். மற்ற வகை ஆய்வுகளுக்கு ஜே.பி.ஐ. பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாம் சேர்ந்த பிறகு மொத்தச் சான்று எவ்வளவு உறுதியானது என்பதை கிரேடு முறையில் நான்கு நிலையில் சொல்வார்கள்: உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு.

ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒட்டாதபோது சேர்த்துச் சராசரி போடாதீர்கள். எதனால் ஒட்டவில்லை என்று எழுத்தில் விளக்குங்கள், அதுவும் தொகுப்பாய்வுதான். கணக்குப் போட ஆர் மென்பொருள் இலவசம். எனக்கு அது பிடிபடவில்லை. புள்ளியியல் ஆசிரியர் ஒருவருக்கு 6,000 ரூபாய் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொண்டேன். என் மொத்தச் செலவில் பெரியது அதுதான். அச்சு, ஒளிநகல், பேருந்து எல்லாம் சேர்ந்து 4,000க்குள் முடிந்தது.

எண்களைப் படிப்பதில் ஒரு பழக்கம் வேண்டும். குறை எடைக் குழந்தைகளைப் பிறந்தவுடனே தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு பற்றிய பெரிய ஆய்வு 2021ல் வந்தது. டெல்லி உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் 3,211 குழந்தைகள். "இறப்பு 25 விழுக்காடு குறைந்தது" என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: வழக்கமான முறையில் ஆயிரம் குழந்தைகளில் 157 பேர் இறந்தார்கள், உடனே அணைத்து வைத்தபோது 120 பேர். 27 குழந்தைகளுக்குச் செய்தால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது. பிரசவ வார்டு சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ மாசத்துக்கு ஒண்ணு" என்று தன் வார்டுக் கணக்கை உடனே போட்டார். எண் வார்டுக்குள் நுழைவது அந்த இடத்தில்தான்.

ஆய்விதழுக்கு அனுப்புவது பற்றிச் சுருக்கமாக: பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுகிறோம் என்று வாட்ஸப்பில் வருகிறவர்களையும், கட்டுரையையே எழுதித் தருகிறோம் என்கிறவர்களையும் ஒதுக்கிவிடுங்கள். இதழின் பெயர் பப்மெட்டிலோ டோஜ் என்ற திறந்த இதழ்களின் பட்டியலிலோ இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வெளியீட்டுக் கட்டணம் வாங்காத நல்ல இதழ்களும் உண்டு.

7. "அங்கே சரி, இங்கே சரியா?"

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். நாங்கள் தடுமாறியது இங்கேதான்.

காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது: தொந்தரவு தெரிந்தால் மட்டும் கேனுலாவை மாற்றினாலும் நரம்பு வீக்கம் குறிப்பிடும்படி கூடவில்லை, இரத்தத் தொற்று இரு பக்கமும் விரல்விட்டு எண்ணும் அளவுதான், செலவு குறைகிறது. நோயாளிக்கு ஒரு குத்து மிச்சம். மருந்து நரம்புக்கு வெளியே கசிவதும் கேனுலா அடைத்துக்கொள்வதும் மட்டும் சற்றுக் கூடின. சான்று நடுத்தர உறுதி. நாங்கள் மகிழ்ந்துபோய் "72 மணி நேர விதியை எடுத்துவிடலாம்" என்று முன்மொழிவு எழுதினோம்.

அப்போது எங்கள் குழுவில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒன்று சொன்னார்: "மேடம், ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு ஸ்டாஃப், முப்பது கட்டில். தொந்தரவு இருந்தா மாத்தலாம்னு எழுதிட்டீங்க. தொந்தரவு இருக்கான்னு யாரு பாக்கறதுங்க?"

மறுநாள் இரவு அவரோடு ஆண்கள் வார்டுக்குப் போனேன். கொடுமுடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மஞ்சள் காட்டில் வேலை செய்து காப்புக் காய்ச்சிய கை. கேசுவால்டியில் போட்ட பிங்க் கேனுலா. மேலே வெள்ளைப் பிளாஸ்டர் நாலு சுற்று. போட்ட தேதி எங்கும் இல்லை. குத்திய இடம் வெளியே தெரியவே இல்லை. பிளாஸ்டரைப் பிரித்துப் பார்த்தபோது சிவந்து, நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. "ஏனுங்க ஐயா, எரியலீங்களா?" என்று கேட்டேன்.

"நேத்திருந்தே எரிஞ்சுதுங் அம்மணி. நீங்களே ஓடிக்கிட்டு இருக்கறீங்க, இதையும் எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு உட்டுட்டனுங்க."

அந்த ஆய்வுகளில் பயிற்சி பெற்றவர்கள் கேனுலாவை ஒழுங்காகப் பார்த்து வந்தார்கள். தொந்தரவு இருந்தால் கண்ணில் படும். எங்கள் வார்டில் கெடு வைத்து மாற்றும் அந்த நாள்தான் யாராவது கேனுலாவைப் பார்க்கும் ஒரே நாள். அந்த விதியை எடுத்துவிட்டால் பார்வையும் சேர்ந்து போய்விடும். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 2018ல் இந்த முறைக்கு மாறிவிட்டு, இரத்தத் தொற்று கூடியதால் 2019ல் பழைய முறைக்கே திரும்பியதை 2021ல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கேனுலாக்களின் கணக்கு அது. காக்ரேனுக்குப் பிறகு வந்ததைத் தேடுங்கள் என்று 2ஆம் படியில் சொன்னது இதற்காகத்தான்.

இடம் மாறினால் பதில் மாறும் என்பதற்கு இன்னும் கனமான உதாரணம் குறைப்பிரசவத் தாய்மார்களுக்குப் போடும் ஸ்டீராய்டு. வசதி குறைந்த பகுதிகளில் பரவலாகக் கொடுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் பச்சிளம் குழந்தை இறப்பு மொத்தத்தில் கூடியது. 2020ல் இந்தியா உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில், ஸ்கேன் வைத்துக் கர்ப்ப வாரக் கணக்கை உறுதி செய்து, 26 முதல் 33 வாரத் தாய்மார்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தபோது பச்சிளம் குழந்தை இறப்பு 23.5 விழுக்காட்டிலிருந்து 19.6ஆகக் குறைந்தது. கணக்குச் சரியாகத் தெரிகிற, பிறந்த குழந்தையைப் பார்க்க ஏற்பாடு இருக்கிற இடத்தில்தான் அந்த ஊசி காப்பாற்றுகிறது.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள்: அந்த ஆய்வுகள் நடந்த இடத்தில் என்னென்ன இருந்தன, நம் வார்டில் அவற்றில் எவை இல்லை. இல்லாததை முதலில் கொண்டுவர வேண்டும். விதியைத் தொடுவது அதற்குப் பிறகு.

8. இருப்பதை முதலில் எண்ணுங்கள்

மாற்றம் கொண்டுவரும் முன் அடிப்படைத் தணிக்கை. 30 நோயாளிகள் போதும், ஐந்தே கேள்விகள்: தேதி எழுதியிருக்கிறதா, குத்திய இடம் கண்ணுக்குத் தெரிகிறதா, சிவப்போ வீக்கமோ இருக்கிறதா, தேவை முடிந்த பிறகும் கேனுலா கிடக்கிறதா, இந்த ஷிஃப்டில் பார்த்ததற்குக் குறிப்பு இருக்கிறதா. எங்கள் 30 பேரில் தேதி இருந்தது 9 பேருக்கு. குத்திய இடம் தெரிந்தது 4 பேருக்கு. மருந்தெல்லாம் மாத்திரைக்கு மாறிய பிறகும் "இருக்கட்டும்" என்று விட்டு வைத்தது 7 பேருக்கு.

பெயர் எழுதாதீர்கள், நர்ஸின் பெயரும் வேண்டாம், நோயாளியின் பெயரும் வேண்டாம். ஒரு ஸ்டாஃபைக் குற்றம் சொல்லும் தணிக்கை என்று பேச்சுக் கிளம்பிவிட்டால் அடுத்த முறை உண்மை கிடைக்காது. பகல் ஷிஃப்டில் மட்டும் எண்ணாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சல் வார்டு நிரம்பி வழியும் நாட்களையும், பங்குனியில் பெரிய மாரியம்மன் திருவிழாவுக்குப் பாதிப் பேர் விடுப்பில் இருக்கும் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். அந்த எண்களை வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது.

9. சிறிதாக மாற்றுங்கள், சேர்த்து மாற்றுங்கள்

வகுப்பு எடுத்தால் மாறிவிடும் என்று நம்ப வேண்டாம். பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்குக்காக நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த இமோட்டிவ் ஆய்வு 2023ல் வந்தது. மருந்துகள் புதியவை அல்ல. இரத்தத்தை அளந்து காட்டும் கோடு போட்ட விரிப்பு, அளவு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகக் கொடுக்கும் ஒழுங்கு, அவ்வளவுதான். மோசமான விளைவுகள் 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6ஆக இறங்கின. கண்ணால் பார்க்க முடிந்ததால் கை வேலை செய்தது.

அதை மனதில் வைத்து நாங்கள் நான்கு காரியம் செய்தோம். வெள்ளைப் பிளாஸ்டருக்குப் பதில் உள்ளே தெரியும் ஒட்டு. தேதியும் நேரமும் எழுத அதிலேயே வெள்ளைப் பட்டை. ஷிஃப்ட் மாறும்போது இரண்டு நர்ஸும் சேர்ந்து கட்டில் கட்டிலாகப் போகையில் கேனுலாவைப் பார்த்து, நரம்பு வீக்கம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துப் போடும் வி.ஐ.பி. மதிப்பெண்ணை 0 முதல் 5க்குள் எழுதுவது, 2 வந்தால் கழற்றி வேறு இடத்தில் போடுவது. நான்காவதாக, நோயாளியிடம் கேட்கும் கேள்வியை மாற்றினோம். "வலிக்குதா?" என்றால் நம் ஊர்ப் பெரியவர்கள் "இல்லீங்க" என்றுதான் சொல்வார்கள். "எரியுதுங்களா, கடுக்குதுங்களா, கை கனமா இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே விரலால் மெல்லத் தடவிப் பார்த்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒட்டுக்கான செலவில்தான் இழுபறி. கொள்முதல் குழு "பிளாஸ்டரைவிட விலை கூடுதல்" என்று திருப்பி அனுப்பியது. மறுமுறை போகும்போது ஒரு கேனுலா கெட்டு மீண்டும் போட்டால் என்னென்ன ஆகும் என்று கணக்கு எழுதிக் கொண்டுபோனேன்: புது கேனுலா, நீட்டிப்புக் குழாய், கையுறை, ஸ்பிரிட் பஞ்சு, நர்ஸின் பதினைந்து நிமிடம், நோயாளிக்கு இன்னொரு குத்து. பக்கத்தில் அடிப்படைத் தணிக்கையின் எண்கள். ஒரு வார்டுக்கு மட்டும், மூன்று மாதத்துக்கு மட்டும் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். இண்டென்ட் போட்டுப் பொருள் கைக்கு வர ஆறு வாரம் ஆனது. அதை உங்கள் கால அட்டவணையில் முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள்.

72 மணி நேர விதியை அந்த மூன்று மாதமும் தொடவில்லை. ஷிஃப்ட் பார்வைக் குறிப்பு 10 பேரில் 9 பேருக்காவது தொடர்ந்து இருந்தால்தான் அந்தப் பேச்சை எடுப்பது என்று தொற்றுத் தடுப்புக் குழுவோடு எழுத்தில் முடிவு செய்துகொண்டோம்.

10. திரும்ப எண்ணுங்கள், ஆள் மாறினாலும் நிற்கும்படி செய்யுங்கள்

மூன்றாம் மாத முடிவில் அதே ஐந்து கேள்விகள், இன்னொரு 30 பேர், அதே மூன்று ஷிஃப்ட். எங்களுக்குத் தேதி 27 பேருக்கு இருந்தது, குத்திய இடம் 28 பேருக்குத் தெரிந்தது. ஷிஃப்ட் குறிப்பு 21 பேருக்குத்தான், இரவில்தான் விடுபட்டது. அதனால் விதி அப்படியே இருக்கிறது. இரவுப் பார்வையை மருந்து கொடுக்கும் பத்து மணிச் சுற்றோடு சேர்த்துவிட்டு, இன்னும் மூன்று மாதம் கேட்டிருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் ஸ்டாஃப் அடிக்கடி மாறுகிறார்கள். வெளிநாடு போகிறவர்கள், கல்யாணமாகி ஊர் மாறுகிறவர்கள், அரசு வேலை கிடைத்துப் போகிறவர்கள். பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்தில் வார்டில் இருக்க மாட்டார்கள். அதனால் கேனுலா பார்வையைப் புதிதாகச் சேர்பவர்களுக்கான முதல் நாள் பயிற்சித் தாளிலும், வார்டு ஒப்படைப்புப் படிவத்திலும் அச்சிலேயே சேர்த்துவிடுங்கள். படிவத்தை மாற்றத் தரப் பிரிவின் கையெழுத்து வேண்டும், அதற்கு இரண்டு வாரம் வையுங்கள். பழைய படிவக் கட்டுகளை ஸ்டோரிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால் இரவில் அவசரத்துக்கு அதைத்தான் கிழித்து எழுதுவார்கள். அடுத்த தணிக்கைத் தேதியை வார்டு இன்சார்ஜ் மேசைக் காலண்டரில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.